ஓட்டிக் காப்பது: கிரிச் டிராம் அருங்காட்சியகமும் தன்னார்வப் பாதுகாப்பின் கேள்விகளும்

கேள்வி

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் கிரிச் என்னும் மலைக்கிராமத்தை ஒட்டிய பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் தேசிய டிராம் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. 60க்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கே உள்ளன. குதிரை இழுத்தவை, நீராவியில் ஓடியவை, மின்சாரத்தில் ஓடியவை என மூன்று வகையும் உண்டு. பெரும்பாலானவை பிரிட்டிஷ் நகரங்களில் ஓடியவை. பெர்லின், பிராக், போர்ட்டோ, ஜோகன்னஸ்பர்க் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவையும் உண்டு. அரசோ மாநகராட்சியோ தொடங்கிய நிறுவனம் அல்ல இது. டிராம்வே மியூசியம் சொசைட்டி என்ற உறுப்பினர் சங்கம் இதன் உரிமையாளர். வண்டி ஓட்டுவது, சீட்டுக் கொடுப்பது, தண்டவாளம் பதிப்பது, மேல்கம்பி கட்டுவது எனப் பெரும்பங்கு வேலையைத் தன்னார்வலர்களே தொடக்கம் முதல் செய்துவருகிறார்கள். பின்னாளில் சம்பளம் பெறும் பணியாளர்களும் சேர்ந்தனர்.

மற்ற அருங்காட்சியகங்களில் பொருளைத் தொடக்கூடாது. கிரிச்சில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்யலாம். நூறு ஆண்டு கடந்த வண்டி பயணிகளோடு மேடேறி இறங்குகிறது. ஓடும்போது சக்கரம் தேய்கிறது, மரச்சட்டம் அசைந்து தளர்கிறது, மோட்டாரின் காப்புறை சூடேறுகிறது. தேய்ந்ததை மாற்றினால் பழைய பொருளில் ஒரு பங்கு போய்விடுகிறது. அப்படியென்றால் இங்கே காப்பாற்றப்படுவது எது? வண்டியா, வண்டியை ஓட்டும் தொழிலா, அல்லது வண்டி ஓடிய காலத்தைப் பற்றிய ஓர் இனிய நினைப்பா? பதில் சொல்ல, இந்த அருங்காட்சியகம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டிராம் ஒழிந்த கதை

பிரிட்டனில் டிராம் சரிந்ததற்கு மோட்டார் பேருந்தே காரணம் என்பது பரவலான புரிதல். அது பாதி உண்மை. மறுபாதி சட்டத்தில் இருக்கிறது. 1870ஆம் ஆண்டின் டிராம்வே சட்டப்படி, தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும் இருபுறமும் 18 அங்குல அகலத்தையும் டிராம் நிறுவனமே செப்பனிட வேண்டும். பேருந்துக்காரருக்கு இந்தச் சுமை இல்லை. டிராம் போட்ட பாதையில் பேருந்தும் லாரியும் ஓடும், பள்ளம் விழுந்தால் டிராம்காரர் அடைக்க வேண்டும். அதே சட்டம் 21 ஆண்டுகள் கழிந்ததும் டிராம் பாதையை உள்ளாட்சி வாங்கிக்கொள்ளலாம் என்றது. கெடு நெருங்க நெருங்க, நாளை கைமாறப்போகும் சொத்தில் பணம் போட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பல நகரங்களில் மாநகராட்சிகள் ஏற்று நடத்தத் தொடங்கியபோது தடமும் வண்டியும் பழசாகியிருந்தன. 1931இல் அறிக்கை தந்த போக்குவரத்துக்கான அரச ஆணையம், புதிய டிராம் பாதைகள் வேண்டாம், இருப்பவையும் படிப்படியாக மறையட்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பின் நடந்தது தீர்ப்பை நிறைவேற்றும் வேலைதான்.

லண்டனின் கடைசி டிராம் 1952 ஜூலையில் ஓடியது. சார்ல்ட்டன் பகுதியின் பென்ஹால் சாலையில் வண்டிகளை வரிசையாகக் கொண்டுபோய் எரித்தார்கள். இரும்பை எடுக்க மரத்தை எரிப்பதே மலிவான வழி. (சென்னை டிராம் நின்றது மறு ஆண்டு, 1953 ஏப்ரலில்.) லீட்ஸ் 1959இலும் ஷெஃபீல்டு 1960 அக்டோபரிலும் கிளாஸ்கோ 1962 செப்டம்பரிலும் டிராமைக் கைவிட்டன. பிரிட்டனின் பெருந்தீவில் தெரு டிராம் தொடர்ந்து ஓடிய ஒரே ஊர், கடற்கரைச் சுற்றுலா நகரமான பிளாக்பூல்.

இந்தக் காலத்தில் டிராமை விரும்பியவர்கள் பழமை விரும்பிகளாக மட்டும் இருக்கவில்லை. 1937இல் உருவான லைட் ரயில்வே டிரான்ஸ்போர்ட் லீக், நகரப் போக்குவரத்துக்கு டிராமே சரியான வழி என்று வாதாடிய அமைப்பு. ஐரோப்பிய நகரங்களைக் காட்டி, தனித்தடமும் நவீன வண்டியும் தந்தால் டிராம் பிழைக்கும் என்று அது எழுதிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்கவில்லை. கிரிச் அருங்காட்சியகம் இந்தத் தோல்வியின் பிள்ளை. இது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. எதிர்காலத்துக்காக வாதாடித் தோற்றவர்கள், ஆதாரமாவது மிஞ்சட்டும் என்று சேகரிக்கத் தொடங்கினார்கள்.

பத்துப் பவுன் வண்டி

1948 ஆகஸ்டில் சவுதாம்ப்டன் நகரின் டிராம் பாதைகளைக் கடைசியாகச் சுற்றிப் பார்க்க லீக் உறுப்பினர்கள் ஒரு பயணம் ஏற்பாடு செய்தார்கள். அன்று அவர்கள் ஏறிய வண்டியின் எண் 45. 1903இல் ஹர்ஸ்ட் நெல்சன் நிறுவனம் கட்டியது. மாடிக்குக் கூரை கிடையாது. நகரின் நடுவே நிற்கும் பார்கேட் என்னும் இடைக்கால வாயில் வளைவுக்குள் நுழைந்து போக வேண்டியிருந்ததால் உயரம் குறைத்துக் கட்டிய வண்டி. மாடியில் நீளவாக்கில் ஒரே பெஞ்சு, பயணிகள் அதன் இருபக்கமும் முதுகோடு முதுகு சாய்ந்து, வெளிப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். உடைக்கப்படவிருந்த இந்த வண்டியை உறுப்பினர்கள் சிலர் 10 பவுனுக்கு வாங்கினார்கள்.

வாங்கிய பிறகுதான் சிக்கல். பல டன் எடையுள்ள வண்டியை எங்கே நிறுத்துவது? வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தக்கூடியது அல்ல. தெரிந்த இடங்களில் கெஞ்சிக் கேட்டு நிறுத்தினார்கள். பியூலியுவில் இருந்த மான்டேகு மோட்டார் அருங்காட்சியகத்திலும் அது சில காலம் இருந்தது. இதற்குள் வேறு நகரங்களின் வண்டிகளும் சேர்ந்தன. 1955இல் சேகரிப்பு வேலைக்கென்றே டிராம்வே மியூசியம் சொசைட்டி தனியாகப் பிரிந்தது. சேகரிப்பாளர்கள் வண்டிகளோடு இடம் தேடி அலைந்தார்கள் என்பதே அந்தப் பத்தாண்டின் சுருக்கம்.

இடம் கிடைத்ததற்கு இன்னொரு தன்னார்வ அமைப்பு காரணமானது. வேல்ஸ் நாட்டின் டாலித்லின் ரயில்பாதையை 1951இல் தன்னார்வலர்கள் எடுத்து ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். உலகில் இப்படி நடந்த முதல் ரயில்பாதை அது. தங்கள் பாதைக்குத் தண்டவாளம் தேடிய அவர்கள், கிரிச் குவாரியிலிருந்து ஆம்பர்கேட் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு இறங்கிய பழைய குறும்பாதையின் இரும்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். 1840களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீவன்சன் போட்ட பாதை அது, 1957இல் மூடப்பட்டிருந்தது. இவர்கள் வழியாகச் செய்தி டிராம்காரர்களுக்கு எட்டியது. 1959இல் குவாரியின் ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்தது. 1963இல் குதிரை டிராமும் 1964இல் மின்சார டிராமும் ஓடத் தொடங்கின. பாதை 1968இல் வேக்பிரிட்ஜ் வரையும், 1978இல் பழைய ஈயச் சுரங்கம் இருந்த குளோரி மைன் வரையும் நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு மைல். குவாரி கைக்கு வந்த 1959இலிருந்து இங்கே வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டு பிடித்தது என்பதை நினைவில் வைத்தால், வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தவர்களின் பொறுமை எவ்வளவு என்று விளங்கும்.

இல்லாத ஊரின் தெரு

பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்கும்போது அவர் கையில் ஒரு பழைய பென்னி நாணயத்தைத் தருகிறார்கள். 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியதும் செல்லாக்காசு ஆனது அது. டிராமில் ஏறியதும் அதை நடத்துநரிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அன்று முழுவதும் அந்தச் சீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெரிய வெண்கலக் காசின் எடை உள்ளங்கையில் தெரியும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு, முதியவர்களுக்கு நினைவு. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு அருங்காட்சியகக் கலை நன்றாகத் தெரியும்.

நுழைவாயிலைத் தாண்டினால் கற்கள் பாவிய தெரு. இருபுறமும் கடை, மதுக்கூடம், விளக்குக் கம்பம், காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி. பார்த்தவுடன் பழைய ஆங்கிலேயச் சிற்றூர் என்று தோன்றும். உண்மையில் அப்படி ஓர் ஊர் அங்கே என்றுமே இருந்ததில்லை. கம்பீரமாக நிற்கும் கல் முகப்பு, டார்பி நகரின் 18ஆம் நூற்றாண்டு அசெம்ப்ளி ரூம்ஸ் கட்டடத்துடையது. 1963இல் தீப்பிடித்து அழிந்த அந்தக் கட்டடத்தின் முகப்புக் கற்களைக் கொண்டுவந்து 1970களில் இங்கே நிறுத்தினார்கள். அதன் பின்னால் இருப்பது நவீனக் கட்டடம். ரெட் லயன் மதுக்கூடம் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் இடிபடவிருந்தது. கழற்றி வந்து கட்டினார்கள். தெருவில் உள்ள ஒவ்வொன்றும் உண்மையான பழம்பொருள். சேர்ந்து நிற்பது மட்டும் கற்பனை.

திறந்தவெளி அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. ஆனாலும் டிராமைப் பொறுத்தவரை இது சற்றுக் கனமான குறை. டிராம் தெருவோடு பிறந்தது. அது எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றது, எந்தச் சேரியைத் தொடாமல் போனது, எந்தப் புறநகரை வளர்த்தது என்பதில் அதன் பொருள் இருக்கிறது. குளோரி மைன் நோக்கி வண்டி மேடேறும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிவது மரங்களும் டெர்வென்ட் பள்ளத்தாக்கும். அழகான காட்சி. லீட்ஸ் வண்டியோ கிளாஸ்கோ வண்டியோ தன் பணிக்காலத்தில் பார்த்த காட்சி அன்று. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் நிலைமை வேறு. 1971இல் நகர டிராம் நின்றபின், வெண்டூரி ஏரியை ஒட்டிய தெருத்தடத்தில் ஒரு பகுதியை அங்குள்ள தன்னார்வலர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு, 1974 முதல் அதே தெருவில் அதே வண்டிகளை ஓட்டுகிறார்கள். தொகுப்பு சிறியது, பாதை குறுகியது, ஆனால் வண்டியும் இடமும் பிரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பல்லாரட் கிரிச்சை மிஞ்சுகிறது.

ஓட்டுவதற்கான வாதம்

நிறுத்தி வைத்தால் தேயாது என்பது உண்மையானால், ஏன் ஓட்ட வேண்டும்? டிராம் ஓட்டுநரின் மேடையில் நின்று பார்த்தால் விடை கிடைக்கிறது.

பழைய பிரிட்டிஷ் டிராமில் ஓட்டுநருக்கு இருக்கை இல்லை. இடது கையில் கன்ட்ரோலர் கைப்பிடி, வலது கையில் பிரேக், காலடியில் மணி. கன்ட்ரோலர் என்பது இடுப்புயர இரும்புப் பெட்டி. அதன் தலையில் பித்தளைக் கைப்பிடி படிப்படியாகத் திரும்பும். முதல் படிகளில் இரண்டு மோட்டார்களும் தொடர் இணைப்பில் இருக்கும், கூடவே மின்தடைக் கம்பிகளும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் தடை கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறி வேகம் கூடும். இடைப்படிகளில் அதிக நேரம் நிற்கக்கூடாது. நின்றால் தடைக் கம்பிகள் சூடேறிக் கருகும். வேகமாகத் தள்ளினால் வண்டி உதறும், மின்வெட்டி விழும். வண்டியின் எடை, பயணிகளின் எண்ணிக்கை, ஏற்றம், தடத்தின் ஈரம் எல்லாவற்றையும் பார்த்து அடுத்த படிக்கு எப்போது போவது என்று கைதான் முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி, அது தரும் எதிர்விசையில் வண்டியை நிறுத்தலாம். ஈரத் தடத்தில் சக்கரம் சறுக்கினால் மணல் தூவ வேண்டும். எந்தச் சத்தத்துக்கு எதைச் செய்வது என்பது ஏட்டில் எழுதி வராது.

நடத்துநருக்கும் தனி வேலை இருக்கிறது. வண்டி திசை மாறும்போது கூரைமேல் உள்ள கம்பத்தையும் திருப்பி, அதன் நுனிச் சக்கரத்தை மேல்கம்பியில் சரியாகப் பொருத்த வேண்டும். கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மென்மையாக விட வேண்டும். தவறினால் கம்பம் துள்ளி எழுந்து கம்பிக்கட்டைப் பிய்த்துவிடும். முதல் நாள் பயிற்சியில் பலருக்கும் கழுத்துதான் வலிக்கும்.

இந்த அறிவு எல்லாம் பொருளில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வண்டி தன் அளவையும் வண்ணத்தையும் காட்டும். எப்படி ஓடியது என்று சொல்லாது. ஓட்டுகிறவர்கள் இருக்கும்வரை ஓட்டத் தெரியும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் கையேட்டை வைத்துக்கொண்டு மீட்க முடியாது. கிரிச்சில் ஆரம்பத்தில் நகர டிராம்களில் வேலை பார்த்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்தது. இன்று அப்படிப்பட்டவர் கிடைப்பது அரிது. தன்னார்வலர் தன்னார்வலருக்குக் கற்றுத்தரும் சங்கிலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது அறுந்தால் தொகுப்பில் பாதி ஊமையாகிவிடும்.

பாரம்பரிய ரயில்களுக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு 2005இல் ஏற்ற ரீகா சாசனம் இதே கருத்தை ஏற்கிறது. பழைய ரயிலையும் டிராமையும் ஓட்டுவது பாதுகாப்புக்கு எதிரானது அல்ல, பாதுகாப்பின் பகுதி என்கிறது. பழைய கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் எச்சரிக்கை மனப்பான்மையோடு ஒப்பிட்டால் இது பெரிய நகர்வு. ஆனாலும் மூலப்பொருளை மதிக்க வேண்டும், மாற்றியதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளை ரீகா சாசனமும் கைவிடவில்லை. சிக்கல் இந்த நிபந்தனைகளில்தான் தொடங்குகிறது.

அசல் எது?

கிரிச்சின் வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். பணியிலிருந்து நேராக வந்தவை முதல் வகை. ஷெஃபீல்டு நகரின் 510ஆம் எண் வண்டி அப்படிப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, 1960இல் நகரின் கடைசி டிராம் ஊர்வலத்துக்காகப் பக்கங்களில் சித்திரம் தீட்டப்பட்டு ஓடியது. புதிது என்றே சொல்லத்தக்க வயதில் ஓய்வு பெற்றதால் அதில் மாற்ற வேண்டியது அதிகம் இருக்கவில்லை. நகரம் தன் டிராமுக்கு எழுதிய விடைபெறு மடல் அதன் மேற்பரப்பிலேயே இருக்கிறது.

வேறு வேலைக்கு மாறியதால் தப்பியவை இரண்டாம் வகை. லண்டன் கவுன்டி கவுன்சிலின் 106ஆம் எண் வண்டி 1903இல் கட்டியது. பயணிகள் சேவையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு பனி கூட்டும் வண்டியாக மாற்றினார்கள். அதனால்தான் அது எரிந்து போகவில்லை. கிரிச்சில் நீண்ட வேலைக்குப் பின் 1983இல் மீண்டும் பயணிகள் வண்டியாயிற்று. இதில் ஒரு நுட்பமான முரண் உண்டு. நடு லண்டனில் டிராம்கள் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கடியில் ஓடிய கால்வாயிலிருந்து எடுத்தன. (சென்னையிலும் 1895இல் தொடங்கியபோது தரையடி முறைதான். மழைக்காலம் அதைத் தாங்கவிடாததால் மேல்கம்பிக்கு மாறினார்கள்.) கிரிச்சில் தரைக்கால்வாய் கிடையாது. எனவே 106 அங்கே கூரைக் கம்பத்தோடு ஓடுகிறது. வண்டி உண்மையானது, ஓட்டமும் உண்மையானது. ஓடும் முறை மட்டும் நடு லண்டனுடையது அல்ல.

மூன்றாம் வகைதான் விவாதத்துக்குரியது. டிராம்கள் மூடப்பட்டபோது உடற்பகுதியை மட்டும் சில பவுனுக்கு விற்றார்கள். சக்கரமும் மோட்டாரும் பழைய இரும்புக்குப் போயின. உடல்கள் கோழிக்கூடாகவும் தோட்ட வீடாகவும் விளையாட்டு மைதானக் கொட்டகையாகவும் வாழ்ந்தன. கிரிச்சுக்குச் சில மைல் தொலைவில் வீடாக இருந்த செஸ்டர்ஃபீல்டு 7ஆம் எண் வண்டி இந்த வகையைச் சேர்ந்தது. இத்தகைய உடலை ஓடவைக்க அடிச்சட்டம், மோட்டார், கன்ட்ரோலர், பிரேக் எல்லாம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். டிராம் நீடித்த ஐரோப்பிய நகரங்களில் கழித்துப்போட்ட பாகங்கள் பிரிட்டனின் மீட்புப் பணிகளுக்குப் பெரிதும் உதவின. மழையில் ஊறிய மரச்சட்டத்தில் எவ்வளவு தேறும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். முடிவில் பளபளப்பாக நிற்கும் வண்டியில், அந்த நகரத் தெருவை உண்மையாகவே பார்த்த மரம் எத்தனை பங்கு என்று கேட்டால் சங்கடமான பதில் வரும்.

கோயில் தேருக்குச் சக்கரமும் அச்சும் மரச்சட்டமும் மாறினாலும் அது அதே தேர் என்பதில் ஊருக்குச் சந்தேகம் வருவதில்லை. வழிபாட்டுக்கு அந்தத் தொடர்ச்சி போதும். அருங்காட்சியகத்துக்குப் போதாது, ஏனென்றால் அது பார்வையாளரிடம் 'இது சான்று' என்று சொல்கிறது. சான்று என்றால் எது பழையது எது புதியது என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

தடத்தின் அகலமும் இதே கேள்வியை எழுப்புகிறது. கிளாஸ்கோ டிராமின் தட அகலம் 4 அடி 7¾ அங்குலம், வழக்கமான அகலத்தைவிட முக்கால் அங்குலம் குறைவு. காரணம் வேடிக்கையானது: ரயில் சரக்குப் பெட்டிகள் தங்கள் சக்கர விளிம்பின்மேல் டிராம் தடத்தில் உருண்டு கப்பல் கட்டும் தளங்களுக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த அகலத்தை வைத்தார்கள். கிரிச்சின் தடம் வழக்கமான அகலம். எனவே கிளாஸ்கோ வண்டிகள் இங்கே ஓட, சக்கர இடைவெளியை மாற்ற வேண்டியிருந்தது. 1988இல் கிளாஸ்கோ தோட்டத் திருவிழாவுக்காகக் கிரிச்சிலிருந்து 22ஆம் எண் வண்டி தன் ஊருக்குப் போய் ஓடியது, சொந்த ஊரில் வேற்று அகலத் தடத்தில். முக்கால் அங்குலத்தை எந்தப் பயணியும் உணர்ந்திருக்க மாட்டார். ஆனால் அந்த நகரின் தொழில் வரலாறு அந்த முக்கால் அங்குலத்தில் இருந்தது.

இன்னொரு வகை மாற்றத்தை எதிர்ப்பது கடினம். பழைய டிராமின் உயரப் படிகளில் சக்கர நாற்காலி ஏறாது. பெர்லினிலிருந்து வந்த ஒரு வண்டியைக் கிரிச் இதற்கென்றே மாற்றியமைத்து, தூக்கி பொருத்தி ஓட்டுகிறது. எல்லா வண்டியையும் அப்படியே காப்பது, யாரையும் விலக்காமல் இருப்பது என்ற இரு கடமைகளும் மோதும்போது, ஒரு வண்டியை விட்டுக்கொடுத்து மற்றவற்றைக் காத்த முடிவு இது. நியாயமான முடிவு.

ஏக்கமா, வரலாறா?

1980களில் பிரிட்டனில் இத்தகைய அருங்காட்சியகங்களைப் பற்றிக் கடுமையான விமர்சனம் எழுந்தது. ராபர்ட் ஹெவிசன் 1987இல் வெளியிட்ட 'தி ஹெரிட்டேஜ் இண்டஸ்ட்ரி' நூலில், தொழிற்சாலைகள் மூடப்படும் நாடு அருங்காட்சியகங்களைத் திறந்துகொண்டிருக்கிறது என்ற கவலையை முன்வைத்தார். நிகழ்காலத்தின் சரிவை எதிர்கொள்ள முடியாமல் அழகுபடுத்திய இறந்தகாலத்துக்குள் ஒளிவது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மறுபக்கம் ரஃபேல் சாமுவேல் 1994இல் 'தியேட்டர்ஸ் ஆஃப் மெமரி' நூலில் இந்த ஏளனத்தை எதிர்த்தார். வரலாறு பேராசிரியர்களின் தனிச்சொத்து அல்ல, சேகரிப்பவரும் ஓட்டிப் பார்ப்பவரும் ஊர்க்கதை எழுதுபவரும் சேர்ந்து ஆக்குவது என்பது அவர் நிலை.

கிரிச்சுக்கு இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஹெவிசனின் வாதம் காலத்திலேயே இடறுகிறது. இங்கே சேகரிப்புத் தொடங்கியது 1948இல். பாரம்பரியம் வியாபாரமாவதற்கு வெகுமுன். அரசு உதவியோ சுற்றுலாக் கணக்கோ அப்போது இல்லை. தொடங்கியவர்கள் இறந்தகாலத்துக்குள் ஒளிந்தவர்களும் அல்லர். அவர்கள் வாதாடியது பின்னர் நடந்தது. மான்செஸ்டரில் 1992இலும் ஷெஃபீல்டில் 1994இலும் டிராம் தெருவுக்குத் திரும்பியது. கடைசி டிராமுக்கு விழா எடுத்த ஷெஃபீல்டு, 34 ஆண்டுகளில் மறுபடி தண்டவாளம் பதித்தது.

ஆனால் ஹெவிசன் சொன்னதில் தள்ள முடியாத பகுதி ஒன்று உண்டு. கிரிச்சில் வண்டிகள் மின்னுகின்றன; பித்தளை துலக்கப்பட்டிருக்கிறது; வண்ணப்பூச்சு கண்ணாடிபோல் இருக்கிறது. பணிக்காலத்தில் எந்த வண்டியும் ஆண்டு முழுக்க இப்படி இருந்திருக்காது. கரியும் எச்சிலும் ஈரக் கம்பளி நாற்றமும் காணோம். முன்கண்ணாடி இல்லாத திறந்த மேடையில் குளிர்கால மழையில் மணிக்கணக்காக நின்ற ஓட்டுநரின் உடல் இந்தக் காட்சியில் இல்லை. போர்க் காலத்தில் நடத்துநராக வந்த பெண்கள், அமைதி திரும்பியதும் அனுப்பப்பட்ட கதையும் வண்டியிலிருந்து தானாக வெளிவராது. சீட்டுக் கட்டணம், வேலைநேரம், வேலைநிறுத்தம் ஆகியவை ஆவணங்களில் இருக்கின்றன, ஓடும் வண்டியில் இல்லை. வண்டிப் பிரியர்கள் நடத்தும் அருங்காட்சியகத்தில் வண்டி முன்னே வருவது இயல்பு. அதை ஓட்டிப் பிழைத்தவர்கள் பின்னே போவதும் அதன் விளைவே. கிரிச்சின் கண்காட்சிக் கூடமும் ஆவண நூலகமும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. என்றாலும் வெயில் நாளில் சவாரிக்கு நிற்கும் கூட்டத்தோடு அவை போட்டிபோட முடியாது.

தன்னார்வம் என்னும் ஏற்பாடு

தன்னார்வலர் என்றால் ஓய்வுநேரத்தில் விருப்பப்படி வருபவர் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பயணிகளை ஏற்றும் டிராம் பாதை, அருங்காட்சியகமானாலும், ரயில்வே பாதுகாப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. ஓட்டுநர் பயிற்சி பெற்றுத் தேர்வு பெற வேண்டும். 600 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம் தலைக்கு மேலே ஓடும் இடத்தில் ஆர்வம் தகுதியாகாது. சங்கம் 1962இல் உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகப் பதிவாகி, அடுத்து கல்வி அறக்கட்டளையாகவும் ஆனது. சொத்து எந்தத் தனி உறுப்பினருக்கும் சொந்தமில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. 10 பவுன் போட்டு வண்டி வாங்கியவர்களின் கூட்டத்துக்கு இது முக்கியமான திருப்பம். சேகரிப்பாளர் இறந்ததும் சேகரிப்பு ஏலத்துக்குப் போகும் வழக்கமான முடிவை அவர்கள் முன்கூட்டியே தடுத்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஆள் பலத்தில் இருக்கிறது. முதல் தலைமுறையினர் டிராமில் பள்ளிக்குப் போனவர்கள். அந்த நினைவு அவர்களைக் குவாரிச் சேற்றுக்கு இழுத்து வந்தது. இன்று பணிவயதில் இருக்கும் ஒருவருக்குப் பழைய தெரு டிராம் பற்றிச் சொந்த நினைவே இருக்க முடியாது. ஏக்கத்தை நம்பி ஆள் சேர்க்கும் காலம் முடிந்துவிட்டது. கைவேலையில் உள்ள ஈர்ப்பை நம்பித்தான் இனி சேர்க்க முடியும். மரவேலை, இரும்பு வார்ப்பு, மோட்டார்ச் சுருள் சுற்றுதல், எழுத்தோவியம் ஆகிய தொழில்கள் வெளியே அருகிவரும் நிலையில், அவற்றைக் கற்க ஒரு பணிமனை இருக்கிறது என்பதே இளைஞருக்கு வலுவான அழைப்பு. 1939இல் மெய்ன் மாநிலத்தில் பிட்டஃபோர்டு-சாக்கோ பாதையின் ஒரே ஒரு வண்டியோடு தொடங்கிய அமெரிக்காவின் சீஷோர் டிராலி அருங்காட்சியகத்துக்கும் இதே சவால். தொகுப்பு அங்கே இன்னும் பெரிது. மீட்புக்குக் காத்திருக்கும் வண்டிகளின் வரிசையும் பெரிது.

மதிப்பீடு

கிரிச் எதைக் காக்கிறது என்ற கேள்விக்கு, தொழிலைக் காக்கிறது என்பதே சான்றுகள் தரும் விடை. வண்டி அதற்குக் கருவி. தெரு அதற்கு மேடை. நகர வரலாற்றுக்கான நேரடிச் சான்றாக எடுத்துக்கொண்டால் கிரிச்சின் தெரு ஏமாற்றும், ஓரளவு வண்டிகளும் ஏமாற்றும். இயந்திரமும் கையும் எப்படி ஒத்துழைத்தன என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டால் நூலகமோ கண்ணாடிப் பேழையோ தர முடியாத ஒன்றை அது தருகிறது. தேய்மானம் அதற்குக் கொடுக்கும் விலை. ஒவ்வொரு வண்டியிலும் எந்தப் பாகம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்ற விவரம் பார்வையாளர் கண்ணில் படும்படி வண்டியருகே இருந்தால் அந்த விலை நேர்மையானதாகும். அந்த விவரம் சவாரியின் மகிழ்ச்சியைக் குறைக்காது.

கிரிச்சுக்குப் போக நினைப்பவர் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரையிலான பருவத்தில் போக வேண்டும். குளிர்காலத்தில் டிராம் ஓட்டம் வழக்கமாக இருப்பதில்லை. சவாரிக்கு முன்பு பணிமனையின் பார்வை மாடத்துக்கு ஏறிப் பார்ப்பது நல்லது. தோல் உரித்த வண்டியின் மரச்சட்டத்தில் பழைய ஓக் மரத்தையும் புதிதாக ஒட்டிய துண்டையும் நிறத்தை வைத்தே பிரித்தறியலாம். அங்கே வேலை செய்பவரிடம் எது எந்தக் காலத்தது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.